முப்பதுடி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்தக் கதையில் ஒரேயோர் எழுத்துதான் எல்லாவற்றையும் கவிழ்க்கப்போகிறது. தள்ளி இருந்தால் அது காதில் விழாமல் போய்விடும். கதை இன்னும் நடக்காதது. நடந்து முடிந்ததுபோலச் சொல்கிறேன். கேட்டபிறகு அதை நடக்கவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.

மங்கையர்க்கரசி, சகாயராணி என்று இரண்டு பெண்கள். திருச்சியில் ஒரு பள்ளியில் விமானம் ஓட்டப் படித்தார்கள். மங்கை ஒரு வருஷம் மூத்தவள். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கொடிக்கயிறு, ஒரே ஊறுகாய் ஜாடி.

முதலில் வானத்தில் ஓட்டவிட மாட்டார்கள். சிமுலேட்டர் என்ற பெட்டிக்குள் உட்கார வைப்பார்கள். அது பறக்காது. ஆனால் பறப்பதுபோலவே ஆட்டும், குலுக்கும், வயிற்றைக் கலக்கும். தரையிறங்கும்போது ஒரு குரல் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வரும். நூறு, ஐம்பது, நாற்பது, முப்பது. முப்பது அடி என்றதும் ஒரு கை விசையைக் குறைக்க வேண்டும், மறு கை விமானத்தின் மூக்கைத் தூக்க வேண்டும். யோசித்துச் செய்தால் தாமதமாகிவிடும். கை தானாகச் செய்ய வேண்டும்.

மங்கையின் கைக்கு அது வரவே இல்லை. "உன் கைக்குக் காது கிடையாதா?" என்று வாத்தியார் கேட்டார். அழுதுகொண்டு அறைக்கு வந்தவளைச் சகாயா கட்டிலில் உட்காரவைத்தாள். ஒரு கையில் பூரிக்கட்டையைக் கொடுத்து அதுதான் விசை என்றாள். மறு கையில் சாப்பாட்டுத் தட்டு, அதுதான் மூக்கைத் தூக்கும் சுக்கான். எதிர்க் கட்டிலில் படுத்துக் கடலை மிட்டாய் தின்றபடி எண்ண ஆரம்பித்தாள்.

"ஐம்பது... நாற்பது... முப்பதுடி!"

தாமதமானால் தலையணையால் ஓர் அடி. அப்படித்தான் மங்கையின் கை கற்றுக்கொண்டது. சிமுலேட்டரின் குரலுக்கு மசியாத கை, சகாயாவின் 'முப்பதுடி'க்குத் துள்ளி எழுந்தது. பரீட்சையில் தேறிய அன்று, "உன் கைக்குக் காது வச்சவ நான்தாண்டி, மறந்துராத" என்றாள் சகாயா.

அடுத்த வருஷம் பள்ளி அடியைக் கைவிட்டு மீட்டருக்கு மாறியது. உலகத்தில் பாதிப்பேர் வானத்தை அடியில் அளந்தார்கள், பாதிப்பேர் மீட்டரில். எது சரி என்று எத்தனையோ மாநாடுகள் கூடின, பிரியாணி சாப்பிட்டுக் கலைந்தன. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. சகாயா படித்தது மீட்டரில். அவள் கை எழுவது 'பத்து' என்ற சொல்லுக்கு. அவளுடைய பத்தும் மங்கையின் முப்பதும் வானத்தில் ஒரே இடம்தான்.

விட்டுக்கொடுக்காமலே காரியம் நடக்கட்டும் என்று அப்போது ஒரு கருவி வந்தது. அளவி என்று பெயர். காதில் ஒரு மணி, கண்ணில் ஒரு கண்ணாடி. அடி பழகியவர் கண்ணுக்கு எல்லாம் அடியாகத் தெரியும், மீட்டர் பழகியவருக்கு மீட்டராக. பேச்சும் அப்படியே. ஒருவர் சொன்ன எண் மற்றவர் காதுக்குப் போகும் வழியிலேயே அவருடைய அளவுக்கு மாறிவிடும். வேற்று மொழியானாலும் மாற்றிவிடும். அதனால் விமானத்தில் அவரவர் தாய்மொழியிலேயே பேசலாம் என்றும் விட்டுவிட்டார்கள்.

மங்கையும் சகாயாவும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். சிற்றூர்களுக்குப் போய்வரும், மின்சாரத்தில் ஓடும் குட்டி விமானங்கள். மங்கை கேப்டன், சகாயா துணை விமானி. முதல் நாள் மேலே போனதும் மங்கை தன் காதிலிருந்த மணியைக் கழற்றினாள், சகாயாவையும் கழற்றச் சொல்லிக் கேட்டாள்.

"இப்ப என்ன சொன்னே நீ?"

"முந்நூறுன்னேன்."

"எனக்கு ஆயிரம்னு கேட்டுச்சு. அதுவும் உன் குரல்லேயே."

"என் வாயில வராத சொல்லு என் குரல்ல கேக்குதா? எங்க மாமியாருக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கணும்டி. நான் என்ன கத்தினாலும் அவங்க காதுல 'சரிங்க அத்தை'ன்னு விழுந்தா போதும்."

மங்கை சிரித்தாள், பிறகு பின்னால் கண்ணைக் காட்டினாள். பயணிகளுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு திரைதான். அன்றே பேசிவைத்துக்கொண்டார்கள். விமானத்துக்குள் வாங்க போங்க, கீழே இறங்கினால் வாடி போடி. சகாயா அதை ஒழுங்காகவே காப்பாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் நடை போக மங்கை கூப்பிட்டால்கூட, தரையில் இறங்கும்வரை பொறுத்திருந்துதான், "போடி, எனக்கு ரெண்டு இருக்கு" என்பாள். ரெண்டு என்றால் அவளுடைய பிள்ளைகள். புருஷன் இதற்குள் வேறொருத்தியோடு போய்விட்டிருந்தான். அந்த இரண்டும் இவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டன.

ஐப்பசியில் ஒரு நாள். நெய்வேலியிலிருந்து தொண்டிக்குப் போக வேண்டும். சின்ன விமானம் ஆனதால் பயணிகளையும் எடைபோட்டுத்தான் ஏற்றுவார்கள். பண்ருட்டியிலிருந்து பரஞ்சோதி என்று ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மகள் வீட்டுக்குப் பருவம் தப்பிக் காய்த்த ஒரு பலாப்பழத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, பழத்தோட சேத்து நிறுத்தா என் மானம் போயிடுமே! தனித்தனியா போடுங்க."

பழத்தை மட்டும் வைத்தார்கள். "முப்பத்தஞ்சு" என்றாள் மங்கை. "பதினாறு" என்றாள் சகாயா. ஒருத்தி கண்ணாடியில் பவுண்டு, மற்றவள் கண்ணாடியில் கிலோ. பெரியவர் காதில் மணி இல்லை, இரண்டும் இரண்டாகவே விழுந்தன.

"இதென்ன கூத்து? ஒரு பழத்துக்கு ரெண்டு எடையா?"

அளவியைப் பற்றிச் சகாயா சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் நேராப் பேசிக்கிறதில்லை. நடுவுல ஒருத்தன் இருக்கான். அவன் யாரும்மா? எந்த ஊரு?"

"அவனுக்கு ஊரெல்லாம் இல்லை ஐயா."

"ஊரு பேரு தெரியாதவனை நம்பியா பறக்கிறீங்க?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார்.

தொண்டியை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து குறுக்குக் காற்று. முன் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, ஓடுதளம் இருக்கும் இடம் வெறும் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து மங்கையின் அளவிக் கண்ணாடி அணைந்தது. எண்கள் எல்லாம் போயின. காது மட்டும் வேலை செய்தது. அந்தக் குட்டி விமானத்தில் தானாக உயரம் சொல்லும் குரலும் கிடையாது.

"கேப்டன், நான் எடுத்துக்கட்டுமா?"

"இந்தக் காத்துல நீங்க இறக்கினதில்லை சகாயா. நானே இறக்கறேன். நீங்க உயரத்தைப் பாத்துச் சொல்லிட்டே வாங்க."

விதிப்படி இரண்டுக்கும் இடம் இருந்தது. சகாயா தன் கண்ணாடியைப் பார்த்து வாசித்தாள்.

"முந்நூறு." மங்கை காதில் விழுந்தது ஆயிரம்.

"நூறு." முந்நூற்று முப்பது.

"ஐம்பது." நூற்றறுபது.

சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று காற்று ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. திரைக்குப் பின்னால் யாரோ அலறினார்கள். சகாயாவுக்கு விமானம், விதி, வாங்க போங்க எல்லாம் மறந்துபோயிற்று.

"மாதாவே! முப்பதுடி!"

கண்ணுகளா, இங்கேதான் அந்த எழுத்து. முப்பதுடி என்றால் 'முப்பது மீட்டர், என் மங்கை, பயமாக இருக்கிறது' என்று அர்த்தம். முப்பதடி என்றால் முப்பது அடி. நடுவில் ஓர் உகரம்தான் வித்தியாசம். ஊர்பேர் தெரியாமல் நடுவில் இருக்கிறவன், அதான் அந்த அளவி, 'டி' என்றொரு சொல்லைக் கேட்டே அறியாதவன். முப்பதடி என்று எடுத்துக்கொண்டான். அடி பழகிய காதுக்கு அடியை மாற்ற வேண்டியதில்லையே? அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தான்.

இவ்வளவு சீக்கிரமா என்று மங்கையின் மனசு கேட்பதற்குள் அவள் கை கேட்டுவிட்டது. அந்தக் குரலுக்கும் அந்தச் சொல்லுக்கும் பூரிக்கட்டையோடு எத்தனை முறை எழுந்த கை அது! விசை குறைந்தது, மூக்கு தூக்கியது. விமானம் இருந்ததோ ஒரு கோபுர உயரத்தில். வேகம் செத்து, அப்படியே விழுந்தது.

சக்கரம் முறிந்து, சறுக்கிக்கொண்டே போய் உப்புச் சேற்றில் நின்றது. பலருக்கு அடி. மங்கைக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பரஞ்சோதி பிழைக்கவில்லை. அவர் மடியிலிருந்த பழம் பிளந்து சுளை சுளையாகச் சிதறியிருந்தது. மழையையும் கருகிய கம்பி நாற்றத்தையும் மீறிப் பலா வாசனை அடித்ததாக மீட்கப் போனவர்கள் சொன்னார்கள்.

மருத்துவமனையில் மங்கைக்கு ரசம்சாதம் பிசைந்து ஊட்டியது சகாயாதான்.

"என் காதுல முப்பதடின்னு விழுந்துச்சு சகாயா. இல்ல, எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சா?"

"உன் புத்திக்கு ஒண்ணும் இல்லை. நான் டி போட்டேன். பயத்துல வாயில வந்துருச்சு. அந்தச் சனியன் அதை அடின்னு எடுத்துக்கிச்சு. நேத்து காதுல மாட்டி நானே பேசிப் பாத்தேன்."

"பேசினதைக் கேட்டா தெரிஞ்சுருமே?"

"எங்கே கேக்கறது? பேச்சைச் சேத்து வைக்கக் கூடாதுன்னுதானே சட்டம். கை என்ன பண்ணிச்சுங்கிறது மட்டும்தான் இருக்கு. உன் கை முப்பது மீட்டர்ல விசையைக் குறைச்சது இருக்கு."

மங்கை அடுத்த வாய்ச் சோற்றைத் தள்ளிவிட்டு அழ ஆரம்பித்தாள். ஓர் உயிர் போன பழி. அதோடு இனிமேல் பறக்கவும் முடியாது.

"அழாதடி. விசாரணையில நடந்ததை நடந்தபடி சொல்றேன். நான் இருக்கேன்ல?" சகாயா புறங்கையால் அவள் கண்ணைத் துடைத்தாள். கையில் ரசத்தின் மிளகு இருந்தது, இன்னும் அதிகமாக எரிந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

விசாரணை திருச்சியில் நடந்தது. தலைமைக்கு ஓய்வுபெற்ற ஒரு நீதிபதி. அவர் பக்கத்தில், தூர வடக்கே ஒரு மீட்டர் நாட்டிலிருந்து வந்த ஓயுன் என்ற அம்மையார், விபத்துகளை ஆராய்வதில் பேர்போனவர். வெவ்வேறு மொழிக்காரர்கள் கூடியிருந்ததால் அங்கேயும் எல்லோர் காதிலும் அளவி மணி. மங்கை கைத்தடியோடு வந்து முன்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சகாயா வந்தபோது நிமிர்ந்து சிரித்தாள். சகாயா பார்க்கவில்லை.

நிறுவனத்தின் வக்கீல் ரகோத்தமன் எழுந்தார். நல்ல மரியாதையான மனிதர்.

"உயரத்தை எப்படிச் சொன்னீங்கம்மா?"

"வெறும் எண்ணா சொன்னேங்க. முந்நூறு, நூறு, ஐம்பது, முப்பது."

"முப்பதுக்குப் பின்னாடி வேற எதுவும் சேத்துச் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"கேப்டன் சொல்றாங்க, நீங்க அவங்களை டி போட்டீங்கன்னு."

"விமானத்துல கேப்டன்னுதாங்க கூப்பிடுவேன்."

"வெளியில?"

"வெளியிலயும் அவங்களை டி போட்டதில்லீங்க. எனக்கு மூத்தவங்க."

"ஒரே அறையில இருந்ததா..."

"விடுதின்னா நிறையப் பேரு இருப்பாங்க. அவ்வளவா பழக்கமில்லீங்க."

விமானம் விழுந்தபோதுகூட மங்கைக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்று தெரியும். இப்போது அதுவும் இல்லை. அவள் கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றார் நீதிபதி. கேட்க எவ்வளவோ இருந்தது. அவள் வாயில் வந்தது ஒன்றுதான்.

"சகாயா, அந்தத் தலையணை ஞாபகம் இருக்கா?"

சகாயா வக்கீலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "எந்தத் தலையணைங்க?"

அவ்வளவுதான். மங்கை உட்கார்ந்துவிட்டாள். அளவியின்மேல் குற்றமில்லை, பழைய பழக்கத்தில் கேப்டனின் கை முந்திக்கொண்டது, தவறு அவருடையதே என்று ரகோத்தமன் முடித்தார். துணை விமானியைப் போகச் சொன்னார்கள்.

சகாயா இறங்கி நடந்தாள். வெளியே போகும் வழி மங்கையின் நாற்காலியை ஒட்டித்தான். அங்கே வந்ததும் அவள் கால் நின்றது. வேண்டுமென்று நிற்கவில்லை. குனிந்து, காற்றைப்போலச் சொன்னாள்.

"மன்னிச்சிரு. எனக்கு ரெண்டுடி."

மேடையில் இருந்த யாருக்கும் அது கேட்டிருக்காது. ஆனால் எத்தனை மெதுவாகப் பேசினாலும் பிடித்துக்கொண்டுவந்து சேர்ப்பதுதானே அளவியின் வேலை? மேடையின் அந்த ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓயுன் அம்மையார் தலையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம். இவர் இப்போது 'எனக்கு அறுபது சென்டிமீட்டர்' என்றார். எது அறுபது சென்டிமீட்டர்?"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். சகாயாவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஓயுன் மங்கையின் பக்கம் திரும்பினார். "உங்களிடம்தானே சொன்னார்? உங்களுக்குப் புரிந்ததா?"

சகாயா மங்கையைப் பார்த்தாள். அத்தனை நேரம் பார்க்காத கண். அந்தக் கண்ணில் அந்த இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள். பெரியவன் மங்கையின் தோளில் வாந்தி எடுத்தவன், சின்னவளுக்குக் காது குத்தியது மங்கையின் மடியில் வைத்து. 'புரியவில்லை' என்று ஒரு சொல் போதும், அந்த வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் அந்த நேரத்திலும் எங்கோ ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். யாரோ ஒருத்தி பக்கத்திலிருப்பவளுக்கு உயரம் சொல்லிக்கொண்டிருப்பாள். யாரும்மா நடுவில், எந்த ஊர் என்று பரஞ்சோதி கேட்டுக்கொண்டே ஏறுவார்.

"அது சென்டிமீட்டர் இல்லைங்கம்மா" என்றாள் மங்கை. "ரெண்டுன்னா அவ பிள்ளைங்க. ரெண்டு பிள்ளைங்க."

"மீதி?"

"மீதி நான். அந்த டி நான்தாங்க."

ஓயுன் சகாயாவை ஒரேயொரு தடவை 'முப்பதுடி' என்று சொல்லச் சொன்னார். அவள் சொல்ல மாட்டேன் என்று நின்றாள், பிறகு சொன்னாள். முகத்தைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "ஒன்பது மீட்டர்" என்றார் ஓயுன், தன் காதைத் தொட்டுக்கொண்டு. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழி மங்கையைவிட்டு இறங்கியது, முடக்கிவைத்திருந்த உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்காகச் சகாயாவின் உரிமம் போயிற்று. அப்படிச் சொன்னால் கேப்டன் பதவி தருகிறோம், சொல்லாவிட்டால் வேலையே இல்லை என்று நிறுவனத்தில் அவளிடம் பேசியிருந்தார்கள் என்பது பிற்பாடு தெரியவந்தது. பேசியவர் யாரென்று மட்டும் தெரியவரவில்லை.

அளவியைத் திருத்தினார்களா? அந்தக் கருவியைச் செய்தவர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். "உயரம் சொல்லும்போது யாராவது டி போடுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை" என்றார்கள். டி என்றால் என்னவென்று கருவிக்குக் கற்றுக்கொடுக்கச் செலவாகுமாம். அதனால் மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எல்லா விமானத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்: டி, டா போன்ற விளிகள் தடை செய்யப்படுகின்றன. அன்றுமுதல் வானத்தில் எல்லோரும் கல்யாணப் பத்திரிகைபோலப் பேசிக்கொள்கிறார்கள். பயந்தாலும் 'தாங்கள்'தான், விழுந்தாலும் 'தாங்கள்'தான்.

இடுப்பு தேறியதும் மங்கை ஒரு நாள் சகாயாவின் வீட்டுக்குப் போனாள். சண்டை போடவா, மன்னிக்கவா, மன்னிப்புக் கேட்கவா என்று அவளுக்கே தெரியாது. அவள் இவளைக் காட்டிக்கொடுத்தாள். இவள் அவளைக் காட்டிக்கொடுத்தாள். இதை எந்த அளவில் நிறுப்பது? பையில் கடலை மிட்டாய் இருந்தது. வாசலில் நின்று, காதிலிருந்த மணியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். நடுவில் யாரும் வேண்டாம் என்றுதான்.

உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. கதவைத் திறந்தது சகாயாதான். தோளில் அளவுநாடா தொங்கியது. அதில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். இவளைப் பார்த்தாள். பிறகு கதவை நன்றாகத் திறந்து, ஒதுங்கி நின்று, நல்ல குரலில் சொன்னாள்.

"வாங்க. உக்காருங்க."

மங்கையின் கை தானாகக் காதுக்குப் போயிற்று. காதில் ஒன்றுமில்லை. விழுந்தது, சகாயா சொன்ன சொல்லேதான்.

போய்வாருங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் எரியட்டும். ஏறியவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கட்டும். பயம் வரும் நேரத்தில் உங்களை டி போட்டும் டா போட்டும் கூப்பிட ஒருவராவது அந்த வீட்டில் எந்நாளும் இருக்கட்டும். அவர் சொன்னது சொன்னபடியே உங்கள் காதில் விழட்டும்.